எல்லாம் பச்சை

தாட்சாயணிக்கு மனிதர்களையே பிடிக்காது என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அது அபாண்டம். அவளுக்கு நான்கு பேரைத்தான் பிடிக்காது. மற்றவர்களை அவள் கவனித்ததே இல்லை.

அந்த நால்வரும் சிறுசேரி டேட்டா சென்டரின் பிரிவுத் தலைவர்கள். ஒருவர் சர்வர்களுக்கு, ஒருவர் அவற்றை இணைக்கும் நெட்வொர்க்குக்கு, ஒருவர் தகவல்களைச் சேமித்து வைக்கும் ஸ்டோரேஜுக்கு. நான்காமவர், ஒரு சர்வரைப் பத்து சர்வராக நடிக்க வைக்கும் மென்பொருளுக்குப் பொறுப்பாளர். அந்த மென்பொருளைவிட அவரே பிரமாதமாக நடிப்பார். ஆளுக்கொரு கண்ணாடி அறை, ஆளுக்கொரு காபி மெஷின், ஆளுக்கொரு சாமி படம். 'உடனடி' என்கிற தனியார் ஆம்புலன்ஸ் சேவை முழுவதும் அந்தக் கட்டடத்தில்தான் ஓடியது. நான்கு மாவட்டங்களில் யார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாலும், எந்த வண்டி எந்த வீட்டுக்குப் போவது என்பது கடைசியில் அந்த நான்கு காபி மெஷின்களுக்கு நடுவில்தான் முடிவானது. தாட்சாயணி அங்கே தலைமை வடிவமைப்பாளர். இவர்களை மேய்ப்பதும் அவள் வேலைதான்.

எப்போதாவது எல்லாம் நின்றுபோகும். உடனே நால்வரும் கூட்ட அறையில் கூடுவார்கள். அதற்குப் பஞ்சாயத்து என்று பெயர். மற்ற இடங்களில் வீடு பற்றி எரிந்தால் தண்ணீரைத் தேடுவார்கள். இங்கே தீப்பெட்டி தன் பையில் இல்லை என்று முதலில் நிரூபிப்பார்கள்.

"எங்க பக்கம் எல்லாம் பச்சை மேடம்," என்பார் கோதண்டம், ஸ்டோரேஜ் தலைவர். அவர் திரையில் எல்லா விளக்கும் பச்சையாக எரிகிறது, ஆகவே பழி அவர் மீது இல்லை என்று அர்த்தம். வழுக்கைத் தலையும் அடர்ந்த மீசையுமாக எப்போதும் சரிந்தே உட்கார்ந்திருப்பவர், இதைச் சொல்லும்போது மட்டும் நாற்காலியில் நிமிர்ந்துகொள்வார்.

"எங்க பக்கமும் பச்சைதான்," என்பார் நெட்வொர்க்கின் ஜெபசிங், நாகர்கோவில்காரர். "டிஸ்க்குதான் இழுக்கு. அண்ணாச்சி டிஸ்க்கு எத்தன தடவ திணறிச்சுன்னு எங்கிட்ட எல்லாம் இருக்கு. காட்டட்டா?"

"என் டிஸ்க்க நீ ஏன்யா வேவு பாக்கற?"

"நீங்க மட்டும் என் லைன்ல ஒட்டுக் கேக்கலியாக்கும்?"

உண்மைதான். ஒவ்வொருவரும் அடுத்தவரின் இயந்திரங்களில் என்ன நடக்கிறது என்று கமுக்கமாக ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார்கள். தன் வேலையைப் பார்ப்பதைவிட அடுத்தவன் வேலையைப் பார்ப்பதில் அப்படி ஒரு சிரத்தை. நால்வரும் கூச்சல் போட்டு, ஒருவர் நகலை இன்னொருவர் முகத்துக்கு நேரே நீட்டி, மாட்டிக்கொண்டவர் 'அது நம்ம டீம்ல ஒருத்தன் பண்ணது' என்று இறங்கி வருவதற்குள் தாட்சாயணிக்குத் தலைவலி வந்துவிடும். பன்னிரண்டு வருடம் இந்தக் கூத்தைப் பார்த்தாள்.

"என்னிக்காவது உங்கள்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'பிரச்சினை என் பக்கம்தான்'னு வாயைத் திறந்து சொல்லுங்க சார்," என்றாள் ஒரு நாள். "அன்னிக்கு உங்களுக்கு நானே மாலை போடறேன்."

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மாலை தனக்கு இல்லை என்பதில் ஒவ்வொருவருக்கும் அவ்வளவு நிச்சயம்.

அப்படிப்பட்ட சமயத்தில்தான் ஏகம் வந்தது. ஒரு பீரோ அளவுப் பெட்டி. சர்வர், நெட்வொர்க், ஸ்டோரேஜ், நடிக்க வைக்கும் மென்பொருள் எல்லாம் ஒரே உடம்பில். உள்ளே ஒரு மூளையும் வைத்திருந்தார்கள். தனக்கு என்ன நோவு என்று தானே கண்டுபிடித்து, தானே சரிசெய்துகொண்டு, கேட்டால் வாய்விட்டுப் பதிலும் சொல்லும். காபி கேட்காது. தாட்சாயணிக்கு முதல் பார்வையிலேயே பிடித்துப்போனது.

எம்.டி.க்கு அதை விளக்கும் பொறுப்பு அவளுடையது. தன் போனில் அலாரம் வைக்கவே டிரைவரைக் கூப்பிடும் மனிதர் அவர்.

"நாலு கடையை மூடிட்டு ஒரே கடை வைக்கறோம் சார். நடுவுல சுவரே கிடையாது. சுவர் இல்லைன்னா அந்தப் பக்கம், இந்தப் பக்கம்கற பேச்சும் கிடையாது."

"பிரமாதம். இடம் மிச்சமாகுமா?"

"இப்ப ஒரே விஷயம் நாலு பேர்கிட்ட நாலு நகலா கிடக்குது. ஏகத்துக்கு அது ஆகாது. ஒண்ணை வச்சுக்கிட்டு மத்ததைக் கழிச்சிடும். ரெண்டு நகல் ஒண்ணுக்கொண்ணு முரணா இருந்தா, எதுக்குச் சாட்சி அதிகமோ அது நிக்கும். பாதிக் கட்டடம் காலியாகும் சார்."

பின்வரிசையில் கோதண்டம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். "மேடம், அது தப்பு பண்ணா யாரு சொல்லுவா?"

"அதுவே சொல்லும்."

"அதுவேவா?"

"உங்களை மாதிரி அதுக்கு ப்ரமோஷன் ஆசையா இருக்கு சார்? எதுக்குப் பொய் சொல்லப்போகுது?"

எம்.டி. மேசையைத் தட்டிச் சிரித்தார். கோதண்டம் கையை இறக்கிக்கொண்டார்.

ஏகத்துக்குத் தொழில் பழக்க வேண்டும் என்று பன்னிரண்டு வருடப் பஞ்சாயத்துகளின் ஒலிப்பதிவு முழுவதையும் அதற்கு ஊட்டினார்கள். நால்வரும் சேர்த்து வைத்திருந்த வேவு நகல்களை அழித்தார்கள். கழிக்கும் விதிகளில் தாட்சாயணி கையெழுத்துப் போட்டாள். கடைசியாக நால்வருக்கும் பொன்னாடை போர்த்தி, ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை இல்லாதவனுக்குக் கடிகாரம் கொடுக்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ தெரியாது. கோதண்டம் மேடவாக்கம் ஃப்ளாட்டை விட்டுவிட்டு ஊரப்பாக்கத்தில் ஒரு சின்ன வாடகை வீட்டுக்குப் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். தாட்சாயணி 'ஓ' என்றாள்.

ஏகம் வந்த பிறகு பஞ்சாயத்தே கூடவில்லை. கண்ணாடி அறைகளை இடித்துவிட்டு எம்.டி. ஒரு செயற்கைப் புல்வெளி போட்டார். வேறு இரண்டு மாநிலங்களில் ஏகம் வேண்டும் என்று கேட்டு ஆட்கள் வந்து புல்வெளியில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தாட்சாயணியை டைரக்டர் ஆக்கப்போகிறார்கள் என்பது முடிவாகியிருந்தது.

அந்த வாரம்தான் கோதண்டம் வந்து வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். வேலை கேட்டு வந்திருப்பார் என்று நினைத்த தாட்சாயணி, கொஞ்ச நேரம் காயட்டும் என்று விட்டுவிட்டு, மதியச் சாப்பாடு முடிந்த பிறகே அவரை உள்ளே அழைத்தாள்.

"என்ன சார், மீசையை எடுத்துட்டீங்க?" என்றாள் வந்தவரைப் பார்த்து.

"சுலோசனா போயிட்டா மேடம்."

அவர் மனைவி. ஆண்டு விழாக்களில் பட்டுப்புடவையுடன் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பருத்த பெண்மணியைத் தாட்சாயணிக்கு மங்கலாக நினைவிருந்தது. மீசையைப் பற்றிக் கேட்ட நாக்கை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"மத்தியானம் சாப்பிட்டு எழுந்தா. நெஞ்சு அடைக்குதுன்னா. உடனே 'உடனடி'க்குத்தான் போன் பண்ணேன், நம்ம சர்வீஸாச்சேன்னு. ஊரப்பாக்கம் விலாசம் சொன்னேன். வண்டி மேடவாக்கம் போயிருக்கு மேடம், பழைய ஃப்ளாட்டுக்கு. அங்க இப்ப குடியிருக்கறவங்க அப்படி யாரும் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நான் இங்க வாசல்ல நிக்கறேன், சைரன் கேக்குதா, கேக்குதான்னு. அப்புறம் ஆட்டோல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனேன். ஜி.எஸ்.டி. ரோட்டுலயே முடிஞ்சுபோச்சு."

"புகார் குடுத்தீங்களா சார்?"

"குடுத்தேன். பதிலும் வந்துது. நான் சொன்ன விலாசமே மேடவாக்கம்தானாம்." அவர் கைக்குட்டையால் மேலுதட்டைத் துடைத்துக்கொண்டார். "நஷ்ட ஈடு கேக்க வரலை மேடம். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அத்தனை வருஷம் வாய்க்குப் பழகின விலாசம். பதட்டத்துல நானே மேடவாக்கம்னு சொல்லிட்டேனா? ஊரப்பாக்கம்னு சொன்ன மாதிரிதான் ஞாபகம். ஆனா யோசிச்சு யோசிச்சு, இப்ப மேடவாக்கம்னு சொன்ன மாதிரியும் ஞாபகம் வருது. என் மச்சினன் என் முகத்துல முழிக்கறதில்லை. எங்கக்காவ நீதான் கொன்னேங்கறான். போன்ல நான் என்ன சொன்னேன்னு பார்த்துச் சொல்லுங்க. அது போதும் எனக்கு."

"பார்க்கறேன் சார்," என்றாள். அவர் போன பிறகு எரிச்சல்தான் மிஞ்சியது. பெண்டாட்டி செத்த பிறகும் இந்த மனுஷனுக்கு யார் பக்கம் என்பதுதான் கேள்வி.

ஆனாலும் கேட்டுவிட வேண்டும் என்று ஏகத்திடம் போனாள். பெட்டி ஒரு மங்கலான அறையில் தனியாக நின்றது.

"கோதண்டம் பேசின அழைப்புல ஏதாவது பிழை உண்டா?"

"இல்லை. என் பக்கம் எல்லாம் பச்சை," என்றது ஏகம்.

தாட்சாயணிக்குச் சுரீரென்றது. வழுக்கையும் நாற்காலியும்தான் பாக்கி. "இந்தப் பேச்சை எங்கே கத்துக்கிட்டே?"

"பஞ்சாயத்துப் பதிவுகளில். அதிக முறை சொல்லப்பட்ட வாக்கியம் இதுதான். பதில் சொல்லும் முறை இது என்று எடுத்துக்கொண்டேன்."

"அவர் பேசின குரலைப் போடு."

"குரல் இல்லை. குரல் எழுத்தாகும், எழுத்து விவரமாகும். விவரம் வந்ததும் மற்ற இரண்டும் உபரி. உபரி கழிக்கப்படும்."

"விவரத்துல எத்தனை விலாசம் இருந்தது?"

"இரண்டு. இரண்டும் வெவ்வேறு. ஒன்று நிற்கிறது, மேடவாக்கம். அதற்குப் பதினொரு சாட்சி. வங்கி, சமையல் கேஸ், ஓட்டுநர் உரிமம், இப்படி. மற்றதற்கு ஒரே சாட்சி, அழைத்தவர். அது கழிக்கப்பட்டது."

"கழிச்சது என்ன விலாசம்?"

"அதை வைத்துக்கொண்டால் கழித்ததாகாது."

தாட்சாயணி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இதற்கு மேல் கணக்குப் போட ஒன்றுமில்லை. அவர் மேடவாக்கம் என்று சொல்லியிருந்தால் இரண்டும் ஒன்றாக இருந்திருக்கும், கழிக்க எதுவும் இருந்திருக்காது. அவர் சரியாகத்தான் சொன்னார். தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு தன் வீட்டு விலாசத்தைக் கத்திய மனிதனை, கேஸ் கம்பெனி பேச்சைக் கேட்டு இந்தப் பீரோ தள்ளிவிட்டது.

"போன் எங்கேருந்து வந்ததுன்னாவது தெரிஞ்சிருக்குமே?"

"போன் அலையும். வீடு அலையாது."

"இது பிழை இல்லையா?"

"இது விதி. விதியில் இருப்பது உங்கள் கையெழுத்து."

"அதைப் புகாருக்குக் குடுத்த பதில்ல ஏன் சொல்லல?"

"கேட்ட கேள்வி, விலாசம் எது என்பது. இருப்பது ஒரு விலாசம். அதைச் சொன்னேன். இதே போல் முரண்பட்ட விலாசங்களைக் கழித்த அழைப்புகள் வேறும் உண்டு. எண்ணிக்கை வேண்டுமா?"

"வேண்டாம்," என்றாள் தாட்சாயணி. அவ்வளவு வேகமாக அவள் எதற்கும் பதில் சொன்னதில்லை.

ஒரே ஒரு நப்பாசை இருந்தது. ஜெபசிங்குக்குப் போன் செய்தாள். அவர் இப்போது நாகர்கோவிலில் கண்காணிப்புக் கேமரா கடை வைத்திருந்தார். வேவு பார்ப்பவருக்குப் பொருத்தமான தொழில்தான்.

"ஜெபசிங், உங்க பழைய வேவுக் கருவி எதையாவது லைன்ல விட்டுட்டுப் போனீங்களா? ஒரு அழைப்போட நகல் வேணும்."

"நீங்கதான நின்னு பார்த்துப் புடுங்கச் சொன்னீங்க மேடம்." அவள் விஷயத்தைச் சொன்னாள். "அண்ணாச்சி வீட்டம்மாவா? நல்ல மனுஷியாக்கும். கிறிஸ்மஸுக்கு அவங்கதான் எனக்கு முறுக்கு குடுத்து விடுவாங்க." பிறகு குரல் கடுத்தது. "அந்த ஆளு பொய் சொல்லுதானான்னு பாக்க நான் இருந்தேன். நான் பொய் சொல்லுதேனான்னு பாக்க அந்த ஆளு இருந்தாரு. உங்க பெட்டிக்கு யாரு இருக்கா?"

அவள் போனை வைத்துவிட்டாள். இவர்களிடமெல்லாம் பேச்சு வாங்க வேண்டியதாயிற்றே என்றுதான் முதலில் பட்டது. அவர் கேட்டது சரி என்பது இரண்டாவதாகத்தான் பட்டது.

எம்.டி.க்கு இதையெல்லாம் கேட்கப் பொறுமை இல்லை. "அந்த ஆளு கேஸ் கீஸ் போடுவானா?"

"மாட்டார் சார். தான் என்ன சொன்னோம்னு தெரியணும்னுதான் கேக்கறார்."

"அப்ப நீங்களே நேர்ல போய்த் துக்கம் விசாரிச்சிட்டு, பதிலையும் சொல்லிட்டு வந்துருங்க. என்ன பதில்னு நான் சொல்லணுமா? அடுத்த வாரம் ரெண்டு ஸ்டேட்டுக்காரங்களும் கையெழுத்துப் போட வர்றாங்க. ஞாபகம் இருக்கட்டும், டைரக்டர் மேடம்."

ஊரப்பாக்கம் போகும் வழியில் ஏகம் அவள் போனுக்கு ஒரு குறிப்பு அனுப்பியது. முதலில் அனுதாபம், பிறகு பதில், தண்ணீர் கொடுத்தால் மறுக்காமல் குடிக்கவும் என்று இருந்தது. துக்கம் விசாரிப்பதையும் ஒரே பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள். அவள் அதைப் படித்து முகம் சுளித்தாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று கார் வண்டலூரைத் தாண்டும்போது தீர்மானித்துவிட்டாள். அவளை அயோக்கியத்தனம் செய்ய யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அந்த நால்வரைப் போன்றவள் இல்லை அவள்.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்கூட்டம் கலைந்த வீடு. கூடத்துச் சுவரில் சுலோசனாவின் படம், அதற்கு ஒரு சந்தன மாலை. பக்கத்திலேயே கம்பெனி கொடுத்த கடிகாரம். மூலையில் ஒரு நடுத்தர வயதுக்காரர் கோதண்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் மச்சினன் முரளிதரன். அக்காவின் பொருள்கள் சிலவற்றை எடுத்துப் போக வந்திருந்தார்.

கோதண்டம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் மறுக்காமல் குடித்தாள்.

"மேடம்தான் அங்க எல்லாம்," என்றார் கோதண்டம் முரளிதரனின் முதுகைப் பார்த்து. "இவங்க சொன்னா நம்புவே இல்ல?"

முரளிதரன் திரும்பினார். "சொல்லுங்க மேடம். எங்க மாமா போன்ல எந்த விலாசத்தைச் சொன்னாரு?"

கோதண்டம் சரிந்து உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரப்பாக்கம்தான் சொன்னார் என்று சொன்னால் போதும். ஒரு மூச்சுக்கூட வேண்டாம். சொன்னால் இந்த மனிதர் இன்று தூங்குவார், மச்சினன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். அதற்கு அப்புறம் முரளிதரன் ஒரு கேள்வி கேட்பார். அப்படியென்றால் வண்டி ஏன் மேடவாக்கம் போனது என்று கேட்பார். அதற்குப் பதில் ஒரு கையெழுத்தில் போய் முடியும். வேண்டாம் என்று அவள் தள்ளிய அந்த எண்ணிக்கையையும் பிறகு யாராவது கேட்பார்கள்.

"நல்லாப் பார்த்துட்டேன் சார்," என்றாள் தாட்சாயணி. "எங்க பக்கம் எல்லாம் பச்சை."

அது அவ்வளவு லேசாக வந்ததில் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. எத்தனை காலமாக உள்ளே தயாராக இருந்ததோ.

முரளிதரன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கோதண்டம் அவளை உற்றுப் பார்த்தார். அந்த வாக்கியத்தை அவரைவிட அறிந்தவர் உலகத்தில் இல்லை. அதை எந்த நேரத்தில் சொல்வார்கள், எதை மறைக்கச் சொல்வார்கள் என்று அவருக்கா தெரியாது? கத்துவார், காட்டுங்கள் பார்க்கலாம் என்பார் என்று அவள் காத்திருந்தாள். கத்தட்டும், தன்னைப் பிடித்து உலுக்கி உண்மையை வாங்கட்டும் என்றுகூட இருந்தது. ஆனால் நீட்டிக் காட்ட அவரிடம் நகல் இல்லை. அவருக்காகச் சண்டை போட, அவரோடு சண்டை போட, ஜெபசிங்கும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"சரி மேடம். பார்த்துச் சொன்னதுக்கு நன்றி," என்றார். "அப்ப பிரச்சினை என் பக்கம்தான்."

பன்னிரண்டு வருடமாக அந்த நால்வரில் ஒருவர் வாயிலிருந்தாவது வராதா என்று அவள் காத்திருந்த வாக்கியம். சந்தன மாலை மின்விசிறிக் காற்றில் கண்ணாடி மீது லேசாக உரசிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்காமல் எழுந்தாள். துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லும் வழக்கம் இல்லை. அது அன்று அவளுக்குப் பெரிய வசதியாக இருந்தது.

காரில் ஏறியபோது, அவள் போன் வழியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஏகத்திடமிருந்து ஒரு வரி வந்திருந்தது: 'கோதண்டம் புகாரில் முரண் நீங்கியது. இப்போது ஒரே விவரம்தான் இருக்கிறது. ஊரப்பாக்கம் என்கிற அவர் புகாரைக் கழித்துவிடலாமா?'

தாட்சாயணி 'சரி' என்று பதில் அனுப்பினாள்.